வீட்டுக்கு நெட்: ஃபைபரா, சிம் ரூட்டரா? புதுசா எடுக்குறவங்க எப்படி முடிவு பண்றது

வீட்டுக்கு நெட் எடுக்கணும்னு கிளம்பினா முதல்ல கண்ணுல படுறது விளம்பரத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கிற ஸ்பீடு நம்பர்தான், 100, 300, 1000னு. அந்த நம்பரைக் கடைசியா பாருங்க. ராத்திரி எட்டு மணிக்கு, அக்கம்பக்கத்துல எல்லாரும் வீடியோ பாத்துட்டு இருக்கிற நேரத்துல, உங்க வீட்டுக்குள்ள நீங்க உக்கார்ற இடத்துல எவ்வளவு வருது, வர்றது நிலையா நிக்குதா, வீட்டுலேர்ந்து வெளிய அனுப்புற பக்கம் எப்படி இருக்கு, இந்த மூணும்தான் தினமும் நீங்க அனுபவிக்கப் போறது. வயர்ல வர்ற ஃபைபரா, சிம் போட்ட போன்லயோ ரூட்டர்லயோ ஓடுற மொபைல் நெட்டாங்கிற கேள்வியும் இந்த மூணுலதான் தீரும், அதனால ஒவ்வொண்ணா எப்படி செக் பண்றதுன்னு கீழ சொல்றேன், கனெக்ஷன் எடுக்குறதுக்கு முன்னாடியே பண்ணக்கூடிய வேலைங்கதான் இதுல முக்காவாசி.

ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம்

ஃபைபர்னா கண்ணாடி இழை. அதுல ஒளி ஓடுற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான், மேல சுத்தி இருக்கிற கண்ணாடியையும் சேத்தா 125 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். கண்ணாடியை போதுமான அளவு சுத்தமா செஞ்சா ஒளியை ரொம்ப தூரம் அனுப்பலாம்னு 1966-ல சார்லஸ் காவ் எழுதினாரு, அதுக்கு 2009-ல நோபல் பரிசு கிடைச்சுது, இன்னைக்கு நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வர்ற கனெக்ஷனுக்கு அடிப்படை அதுதான். கம்பெனியோட நிலையத்துலேர்ந்து ஒரு இழை கிளம்பி, தெருவுல எங்கேயோ ஒளியைப் பிரிக்கிற ஒரு ஸ்பிளிட்டர் பெட்டிக்குள்ள போய், அங்கேருந்து 32 இல்ல 64 வீட்டுக்குப் பிரியும். அதிகமா போட்டிருக்கிற ஜிபான் முறைல அந்த மொத்த வீடுகளுக்கும் சேத்து இறங்கு பக்கம், அதாவது டவுன்லோடு, 2.5 ஜிபிபிஎஸ், ஏறு பக்கம், அதாவது அப்லோடு, 1.25 ஜிபிபிஎஸ் இருக்கும் (ஒரு ஜிபிபிஎஸ்னா 1000 எம்பிபிஎஸ், செகண்டுக்கு 1000 மெகாபிட்). புதுசா வர்ற எக்ஸ்ஜிஎஸ்-பான்ல ரெண்டு பக்கமும் 10 ஜிபிபிஎஸ். அதாவது ஃபைபரும் பங்கு போட்டுக்கிறதுதான், ஆனா எத்தனை வீடுன்னு ஒரு கணக்கு உண்டு, அது திடீர்னு ஒரு நாள் ராத்திரி ரெண்டு மடங்கு ஆகாது.

மொபைல்ல அந்தக் கணக்கே கிடையாது. டவரோட ஒரு பக்கத்துக்கு இவ்வளவு அலைவரிசைன்னு இருக்கும், அந்தப் பக்கம் நிக்கிற எல்லா போனும், ஓடுற எல்லா சிம் ரூட்டரும், ரோட்ல போற வண்டிக்குள்ள இருக்கிறவங்க போனும் சேந்து அதையே எடுத்துக்கணும். டவர் பக்கத்துல கூட்டம் கூடினா உங்க வீட்டு ஸ்பீடு இறங்கும், கூட்டம் கலைஞ்சா ஏறும். 4ஜி ஆனாலும் 5ஜி ஆனாலும் இந்த அடிப்படை மாறல, 5ஜில பங்கு போட அதிகமா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வேலை: உங்க வீட்டுக்கு எவ்வளவு வேணும்னு எழுதிப் பாருங்க

ஒரு பேப்பர் எடுத்து, ராத்திரி ஒரே நேரத்துல யார் யார் என்ன பண்ணுவாங்கன்னு எழுதுங்க. ஒரே நேரத்துலங்கிறதுதான் முக்கியம், நாள் முழுக்க என்னென்னங்கிறது இல்ல. நெட்ஃபிளிக்ஸ் அவங்க உதவிப் பக்கத்துல சொல்ற அளவு 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. வீடியோ கால் ஒண்ணுக்கு நல்ல தரத்துல பேசணும்னா ரெண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ் ஒதுக்குங்க. பாட்டு, மெசேஜ், சும்மா வலை பாக்குறது எல்லாம் கணக்குலயே வராத அளவு சின்னது. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரு 4கே டிவி, ரெண்டு போன்ல வீடியோ, ஒரு மீட்டிங்னு கூட்டிப் பாத்தா 30, 35-க்குள்ள முடிஞ்சிடும். ஆச்சரியமா இருக்கும் ஆனா உண்மை அதுதான், பெரும்பாலான வீட்டுக்கு நிலையா வர்ற 50 எம்பிபிஎஸ்ஸே தாராளம், 1000 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துட்டு அதுல பத்துல ஒரு பங்கைக்கூட தொடாத வீடுங்க நிறைய.

இதுல புதுசா வர்றவங்க குழம்புற ஒரு இடம் இருக்கு. விளம்பரத்துல சொல்றது மெகாபிட், கம்ப்யூட்டர் டவுன்லோடு பண்ணும்போது காட்டுறது மெகாபைட், எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் கனெக்ஷன்ல டவுன்லோடு 12 மெகாபைட் சொச்சம்னு காட்டினா அது முழு ஸ்பீடுதான், யாரும் ஏமாத்தல.

ஸ்பீடு உண்மையிலேயே தேவைப்படுறது பெரிய ஃபைல்ல. கேம் விளையாடுறவங்க வீட்டுல 100 ஜிபி கேம் ஒண்ணு இறக்கணும்னா 20 எம்பிபிஎஸ்ல பதினோரு மணி நேரம் ஆகும், 200-ல ஒரு மணி நேரம் சொச்சம். இந்த மாதிரி வேலை அடிக்கடி இருக்கா, எப்பவாவதா, இல்லவே இல்லையா, அதையும் பேப்பர்ல எழுதிக்கோங்க.

அப்புறம் மாசம் எத்தனை ஜிபி. மொபைல் எடுக்கலாமா வேண்டாமாங்கிறதை பல வீட்டுல இந்த ஒரு கணக்கே தீர்த்துடும். எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும், 4கே 7 ஜிபி வரைக்கும். தினம் நாலு மணி நேரம் டிவி எச்டில ஓடினா மாசம் 360 ஜிபி அதுலயே போயிடும். வீட்டுல கேமரா வச்சு அது எந்நேரமும் கிளவுடுக்கு 2 எம்பிபிஎஸ்ல அனுப்பிட்டே இருந்தா ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல, மாசத்துக்கு 650 ஜிபி, ஒரே ஒரு கேமராவுக்கு! அசைவு இருந்தா மட்டும் அனுப்புற மாதிரி செட்டிங் வச்சா இது ரொம்ப குறையும், ஆனா அந்த செட்டிங் இருக்குன்னே பலபேருக்குத் தெரியுறதில்ல. இப்ப வீட்டுல ஏதாவது கனெக்ஷன் இருந்தா ரூட்டர்லயோ கம்பெனி ஆப்லயோ போன மாசம் எவ்வளவு ஓடுச்சுன்னு காட்டும், ஊகிக்கிறதை விட அதைப் பாக்குறது நல்லது.

ரெண்டாவது: ஃபைபர் உண்மையிலேயே வீட்டுக்குள்ள வருதா

ஃபைபர்னு பேர் போட்டு விக்கிறது எல்லாம் வீடு வரைக்கும் ஃபைபர் இல்ல. தெரு முனை பெட்டி வரைக்கும் கண்ணாடி இழை வந்து, அங்கேருந்து பழைய செம்புக் கம்பில வீட்டுக்கு வர்றதும் உண்டு, கட்டிடத்தோட கீழ்த்தளம் வரைக்கும் ஃபைபர் வந்து அங்கேருந்து ஈதர்நெட் வயர்ல மாடிக்கு ஏறுறதும் உண்டு. செம்புக் கம்பியா இருந்தா தூரம் கூடக்கூட ஸ்பீடு இறங்கும், மழை ஈரம் ஜாயின்ட்டுக்குள்ள இறங்கினா இன்னும் மோசம், இடி மின்னலும் அதுல இறங்க வாய்ப்பு இருக்கு. ஈதர்நெட்ல வர்றது அவ்வளவு மோசம் இல்ல, கீழ இருக்கிற சுவிட்சுக்கு கரண்ட் போனா மாடில எல்லாருக்கும் சேந்து போயிடும், அதுதான் அதுல பிரச்சனை.

அதனால விக்கிறவர்கிட்ட நேரா ஒரு கேள்வி கேளுங்க: என் வீட்டுக்குள்ள வர்ற வயர் கண்ணாடி இழையா, அது எந்த பெட்டில வந்து சொருகும்? ஓஎன்டின்னோ ஓஎன்யூன்னோ (இழைல வர்ற ஒளியை நெட்டா மாத்துற பெட்டி) சொன்னா, அதுல பச்சை கலர் சின்ன சதுர முனை சொருகும்னு சொன்னா, சரிதான். மழுப்பினா பக்கத்து வீட்டுல அதே கம்பெனி கனெக்ஷன் இருக்கான்னு போய் பெட்டியைப் பாத்துட்டு வந்துடுங்க. அப்படிப் போறப்பவே இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, இது என்னோட கருத்துல மத்த எல்லாத்தை விடவும் பெரிய கேள்வி: நெட் போச்சுன்னா எவ்வளவு நேரத்துல வந்து சரி பண்றாங்க? ஃபைபர் தானா கெடுறது குறைவு, ஆனா ரோடு தோண்டும்போது அறுபடும், மரம் சாஞ்சா அறுபடும், எலி கடிக்கும். அறுந்தா நீங்க வீட்டுல உக்காந்துகிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, ஆள் ஸ்பிளைசிங் மிஷினோட வந்து ரெண்டு முனையையும் உருக்கி ஒட்டணும். அந்த ஆள் சாயந்திரமே வர்றாரா, நாலு நாள் கழிச்சு வர்றாராங்கிறது கம்பெனி பேரை விட உங்க ஏரியாவைப் பாக்குற டீமைப் பொறுத்தது, அதை அக்கம்பக்கத்து ஆளுங்களைத் தவிர வேற யாராலயும் சொல்ல முடியாது.

வாடகை வீடா இருந்தா சுவத்துல ஓட்டை போடலாமான்னு ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, அடுக்குமாடியா இருந்தா வயர் எந்த வழியா மேல ஏறணும்னு சங்கத்துல கேக்கணும். டெக்னீஷியன் வந்து வாசல்ல நின்னதுக்கு அப்புறம் அனுமதி தேடி அலைஞ்சா அன்னைக்கு வேலை நடக்காது.

மூணாவது: மொபைல் சிக்னலை சும்மா கோடு பாத்து நம்பாதீங்க

போன்ல தெரியுற நாலு கோடு, அஞ்சு கோடுக்கு பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். உண்மையான அளவு டிபிஎம்ல இருக்கு, சிக்னலோட வலுவை அளக்குற அலகு அது. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸுக்குள்ள போய் அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ்னு தேடினா சிக்னல் ஸ்ட்ரெங்த் டிபிஎம்ல காட்டும், இடம் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். ஐபோன்ல டயல் பண்ற இடத்துல *3001#12345#* அடிச்சு கால் பட்டனை அழுத்தினா ஃபீல்டு டெஸ்ட் திறக்கும். ஆண்ட்ராய்டுல அந்த டிபிஎம் நம்பரையும், ஐபோன்ல ஆர்எஸ்ஆர்பின்னு (டவர்லேர்ந்து வர்ற சிக்னலோட வலு) இருக்கிற நம்பரையும் பாருங்க, மைனஸ்ல இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்துல வர வர நல்லது. மைனஸ் 80, 85-ன்னா அருமை, 95 வரைக்கும் நல்லாவே ஓடும், 105 தாண்டினா ஓடும் ஆனா நிம்மதி இருக்காது, 115 தாண்டிட்டா வீட்டு நெட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஆர்எஸ்ஆர்பி நல்லா இருந்தும் நெட் ஊர்ந்தா எஸ்ஐஎன்ஆர்னு இன்னொரு நம்பர் உண்டு, உங்க போன்ல காட்டினா அதைப் பாருங்க, சிக்னலோட கலந்து வர்ற இரைச்சல் எவ்வளவுன்னு அது சொல்லும். 20-க்கு மேல இருந்தா ரொம்ப நல்லது, பூஜ்யத்துக்குக் கீழ போனா டவர் எவ்வளவு பக்கத்துல இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு டவருக்கு சரியா நடுவுல இருக்கிற வீடுங்கள்ல இப்படி நடக்கும்.

இந்த நம்பரை ஒரு இடத்துல பாத்துட்டு விட்டுடாம வீடு முழுக்க நடந்து பாருங்க. ஒவ்வொரு ஜன்னல்கிட்டயும், மாடிலயும், பால்கனிலயும். கம்பி கட்டின கான்கிரீட் சுவரு சிக்னலை நல்லா குடிக்கும், தகரக் கூரை இன்னும் அதிகம், வெயில் சூடு உள்ள வராம இருக்க மெல்லிய உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி ஜன்னலும் அதே வேலையைத்தான் செய்யும், கண்ணாடிதானேன்னு நினைச்சிடாதீங்க. அலைவரிசையும் ஒரு காரணம்: 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ்ல வர்றது சுவரைத் தாண்டி உள்ள வரும், தூரமும் போகும், ஆனா அதுல அதிக டேட்டா போகாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வர்ற 5ஜி நிறைய தரும், ரெண்டு சுவரைத் தாண்டினா தளர்ந்துடும். அதனால ஹால்ல 4ஜி, பால்கனில 5ஜின்னு ஒரே வீட்டுலயே மாறும், அது கோளாறு கிடையாது. 26, 28 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற 5ஜியும் சில இடத்துல உண்டு, அது டவரும் பெட்டியும் நேருக்கு நேர் பாத்தாதான், நடுவுல மரத்துல இலை துளிர்த்தாக்கூட தொல்லை.

சிக்னல் நல்லா வர்ற இடம் கிடைச்சுதா, இப்ப அங்கேயே நின்னு ஸ்பீடு டெஸ்ட். நீங்க எடுக்கப் போற அதே கம்பெனி சிம்ல பண்ணணும், சொந்தத்துல யார்கிட்டயாவது அந்த சிம் இருந்தா ஒரு வாரம் கேட்டு வாங்குங்க, இல்லன்னா குறைஞ்ச பிளான்ல ஒரு சிம் வாங்கி மாசக் கடைசில விட்டுடுங்க. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி எட்டு மணிலேர்ந்து பத்துக்குள்ள ரெண்டு மூணு, லீவு நாள் ராத்திரி கண்டிப்பா. ஒரே நாளோட நிறுத்திடாதீங்க. எழுதி வச்சு கடைசில பாக்கும்போது இருக்கிறதுலயே அதிகமானதை விட்டுட்டு குறைஞ்சதைப் பாருங்க, அதுதான் உங்க கனெக்ஷன். காலைல 150 வந்து ராத்திரி 6 வருதுன்னா நீங்க காசு குடுக்கப் போறது 6-க்கு.

போன்ல வந்த அதே அளவுதான் சிம் ரூட்டர்லயும் வரும்னு சொல்ல முடியாது. நல்ல ரூட்டர்ல ஆன்டெனா அதிகம், ஜன்னல் ஓரமா அசையாம உக்காந்திருக்கும், போனை விட நல்லா வரலாம். அதே சமயம் போன் 5ஜி, வாங்கின ரூட்டர் வெறும் 4ஜின்னா குறையும். சில கம்பெனிங்க கூட்ட நேரத்துல போனுக்கு முன்னுரிமை குடுத்துட்டு வீட்டு ரூட்டர் சிம்மைப் பின்னாடி தள்ளும், அதையும் எடுக்கும்போதே கேட்டுடணும். மாடில வெளிப்பக்கம் மாட்டுற பெட்டி குடுக்குறாங்கன்னா அதையே எடுங்க, சுவரோட சண்டை போட வேண்டாம், அங்கேருந்து உள்ள ஒரு ஈதர்நெட் வயர் வந்தா போதும்.

நாலாவது: ஏறு பக்கமும் பிங்கும்

இதை யாரும் கேக்குறதில்லைன்னுதான் எனக்கு வருத்தம், வீட்டுலேர்ந்து வேலை பாக்குறவங்களும் ஆன்லைன் கிளாஸ் எடுக்குறவங்களும் தினம் அவதிப்படுறது இங்கதான். உங்களுக்கு எதிர்ல இருக்கிறவங்க முகம் தெளிவா தெரியுது, நீங்க பேசுறதுதான் அவங்களுக்கு வெட்டி வெட்டிப் போகுதுன்னா ஏறு பக்கம் பத்தல. போன்ல ஆன்டெனாவும் பவரும் சின்னது, டவர்லேர்ந்து வர்றதைக் கேக்குறது சுலபம், திரும்ப டவர் வரைக்கும் கத்துறது கஷ்டம், அதனால மொபைல்ல டவுன்லோடு எவ்வளவு வந்தாலும் அப்லோடு அதுல ஒரு சின்ன பங்காத்தான் இருக்கும், வீட்டுக்குள்ள போகப் போக முதல்ல விழுறதும் அதுதான். ஃபைபர்ல பல பிளான்ல ரெண்டு பக்கமும் சமம். சமம் இல்லாத பிளானும் விக்கிறாங்க, கேட்டு எடுங்க. போன்ல எடுத்த 10 ஜிபி வீடியோவை கிளவுடுல ஏத்த 5 எம்பிபிஎஸ்ல நாலரை மணி நேரம் போகும், 50-ல அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

பிங்னா நீங்க அனுப்பினது போய் பதில் வர ஆகுற நேரம், மில்லிசெகண்டுல. கண்ணாடிக்குள்ள ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், நூறு கிலோமீட்டர் போய்ட்டு வர ஒரு மில்லிசெகண்டு, அதனால ஃபைபர்ல பக்கத்து சர்வருக்கு 10-க்குள்ள வர்றது சாதாரணம். 4ஜில 30லேர்ந்து 60, 5ஜில அதைவிடக் கொஞ்சம் குறைவு, இதெல்லாம் பேச, படிக்க, படம் பாக்கப் போதும். கஷ்டம் குடுக்குறது இந்த சராசரி இல்ல, அது குதிக்கிறது. 40-ல இருந்துட்டு திடீர்னு 400 போய் திரும்பினா கால் நிக்கும், கேம்ல செத்துடுவீங்க. இதைக் கண்டுபிடிக்க சும்மா இருக்கும்போது பிங் பாத்தா போதாது, வீட்டுல ஒருத்தர் பெரிய ஃபைல் ஒண்ணு ஏத்திட்டு இருக்கும்போது பாக்கணும். கடைல கையில ஒரே ஒரு பொருளோட நிக்கிறவர் வண்டி நிறைய சாமான் வச்சிருக்கிறவருக்குப் பின்னாடி மாட்டிக்கிற மாதிரி, உங்க குரல் அந்த ஃபைலுக்குப் பின்னாடி வரிசைல நின்னுடும். இப்ப வர்ற சில ஸ்பீடு டெஸ்ட்டுங்க சும்மா இருக்கிறப்ப எவ்வளவு, லோடுல எவ்வளவுன்னு தனித்தனியாவே காட்டுது. லோடுல ரொம்ப ஏறினா இந்த வரிசையை ஒழுங்கு பண்ற கியூஓஎஸ்னோ எஸ்கியூஎம்னோ ஒரு செட்டிங் ரூட்டர்ல இருக்கான்னு தேடுங்க, ஃபைபர்லயும் மொபைல்லயும் ரெண்டுலயுமே இது உதவும், ஃபைபர்ல இன்னும் நல்லா வேலை செய்யும் ஏன்னா அங்க ஸ்பீடு மாறாம நிக்குது.

அஞ்சாவது: பிளான்ல சின்ன எழுத்தைப் படிங்க

அன்லிமிடெட்னு போட்டிருந்தா கீழ எஃப்யூபின்னு ஒரு வரி இருக்கும், இவ்வளவு ஜிபிக்கு அப்புறம் ஸ்பீடு குறையும்னு. எவ்வளவுக்கு அப்புறம், எதுவரைக்கும் குறையும்னு ரெண்டும் பாருங்க, 1, 2 எம்பிபிஎஸ் வரைக்கும் இறங்கினா அது கிட்டத்தட்ட நின்ன மாதிரிதான். முன்னாடி போட்ட ஜிபி கணக்கை இது பக்கத்துல வச்சுப் பாருங்க.

எத்தனை மாசம் கட்டாயம் வச்சிருக்கணும், நடுவுல விட்டா என்ன கட்டணும், பெட்டி உங்களுதா அவங்களுதா, வீடு மாறினா கனெக்ஷன் கூட வருமா. ஒரு வருஷத்துக்குள்ள வீடு மாற வாய்ப்பு இருந்தா இந்த ஒரு வரியே முடிவை மாத்திடும்.

வெளியூர்லேர்ந்து வீட்டு கேமராவைப் பாக்கணும், வீட்டுல சின்னதா ஒரு சர்வர் வைக்கணும்னு நினைக்கிறவங்க மட்டும் சிஜிநேட் பத்திக் கேளுங்க. ஐபி முகவரி பத்தாததால கம்பெனிங்க ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி நிறைய வீட்டை வைப்பாங்க, அப்ப வெளிலேர்ந்து உங்க வீட்டுக்கு நேரா வர முடியாது. ரூட்டர்ல வேன் ஐபி (WAN IP, கம்பெனி உங்க ரூட்டருக்குக் குடுக்குற முகவரி) 100.64லேர்ந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா நீங்க அதுக்குப் பின்னாடிதான் இருக்கீங்க. மொபைல்ல கிட்டத்தட்ட எப்பவும் இப்படித்தான், ஃபைபர்ல கேட்டா பொது ஐபி குடுக்குற கம்பெனி உண்டு. கிளவுடு வழியா ஓடுற கேமராவுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கரண்ட் போனா

ஃபைபர்ல நிலையத்துக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல கரண்ட் தேவைப்படுற பெட்டியே இல்ல, ஸ்பிளிட்டர் வெறும் கண்ணாடிதான். அதனால உங்க ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் மட்டும் கரண்ட் குடுத்தா தெருவே இருட்டா இருந்தாலும் நெட் ஓடும். இதுக்குன்னே ரூட்டர் யூபிஎஸ்னு 12 வோல்ட்ல சின்னதா கிடைக்குது, வாங்குறதுக்கு முன்னாடி உங்க பெட்டி அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கிறதைப் பாத்து அதுக்குப் பொருந்துறதா எடுங்க. மொபைல்ல போன்ல பேட்டரி இருக்கு, டவர்லயும் பேட்டரி இருக்கு, கொஞ்ச நேரம் தாங்கும், ஆனா கரண்ட் போன உடனே ஏரியா முழுக்க வைஃபை நின்னு எல்லாரும் அதே டவர்ல ஏறிடுவாங்க, சிக்னல் முழுசா இருக்கும் நெட் நகராது. நீண்ட நேரம் கரண்ட் போற ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

சரி, எதை எடுக்குறது

வீடு வரைக்கும் உண்மையான ஃபைபர் வருது, ஒரு வருஷத்துக்கு மேல அங்க இருக்கப் போறீங்க, வந்து சரி பண்ற ஆள் ஒழுங்கா வர்றாருன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, இந்த மூணும் சரின்னா ஃபைபர் எடுங்க, யோசிக்கவே வேண்டாம், இருக்கிறதுலயே குறைஞ்ச பிளானை எடுங்க. பத்தலன்னா அப்புறம் ஏத்திக்கலாம், பெரும்பாலும் டெக்னீஷியன் வராமலே மாத்திக் குடுப்பாங்க.

தனி ஆளா ஒரு ரூம்ல இருக்கீங்க, படிப்புக்காகவோ வேலைக்காகவோ சில மாசம்தான், இல்ல அடிக்கடி ஊர் மாறுற வேலை, அப்படின்னா மொபைல்தான் சரி. சிம் ரூட்டர்கூட முதல்ல வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட்லயே ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, போன் சூடாகுது பேட்டரி இறங்குதுன்னு தொல்லை வந்தா அப்ப ரூட்டர் வாங்கலாம். ராத்திரி டெஸ்ட்ல நிலையா 25, 30 வந்து, ஏறு பக்கம் 5-க்குக் கீழ போகாம இருந்து, மாச ஜிபி பிளானுக்குள்ள அடங்கினா குடும்பமா இருக்கிற வீட்டுக்குக்கூட மொபைல் போதும், ஃபைபர் இல்லையேன்னு ஏங்க வேண்டாம்.

ஃபைபர்னு சொல்லிட்டு செம்புக் கம்பில வர்ற இடத்துலதான் கஷ்டமான முடிவு. அங்க நல்ல 5ஜி வந்தா, அதுவும் வெளிப்பக்கம் மாட்டுற பெட்டியோட, நான் 5ஜி பக்கம்தான் சாய்வேன், கேம் விளையாடுறவங்க இருந்தா மட்டும் ரெண்டையும் லோடுல பிங் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நெட் நின்னா சம்பளமே நிக்கும்ங்கிற வேலைல இருக்கிறவங்க ஃபைபரை முக்கியமா வச்சுக்கிட்டு வேற கம்பெனி சிம் ஒண்ணை பேக்கப்பா வச்சுக்கோங்க. ரெண்டு ஃபைபர் எடுத்தா ரெண்டும் ஒரே கம்பத்துல ஒரே குழில வரலாம், ஒரே மண்வெட்டில ரெண்டும் போகும். சிம் சொருகுற வசதி இருக்கிற ரூட்டரா வாங்கினா ஃபைபர் நின்ன உடனே தானா மாறிக்கும், இல்லன்னா போன் ஹாட்ஸ்பாட்டை எப்படி ஆன் பண்றதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா போதும்.

ஃபைபர் மாட்ட ஆள் வர்ற அன்னைக்கு

பெட்டி எங்க வரணும்னு நீங்க முடிவு பண்ணி வைங்க, இல்லன்னா வாசக்கதவுக்குப் பின்னாடி அவருக்கு வசதியான இடத்துல மாட்டிட்டுப் போயிடுவாரு. வீட்டோட நடுவுல, தலை உயரத்துல, பீரோவுக்குள்ளயோ டிவிக்குப் பின்னாடியோ இல்லாம. வயரை மடக்கி ஆணி அடிக்க விடாதீங்க, கண்ணாடி இழையைக் கூர்மையா மடக்கினா ஒளி வெளில கசியும், வளைவு எவ்வளவு பெருசா இருக்கோ அவ்வளவு நல்லது, வீட்டுக்குள்ள இழுக்குறதுக்குன்னே வளைவு தாங்குற இழை இருக்கு, அதுலயும் ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வேண்டாம். முடிச்சதும் பவர் மீட்டர் வச்சு எவ்வளவு டிபிஎம் வருதுன்னு காட்டச் சொல்லுங்க: மைனஸ் 15லேர்ந்து 24 வரைக்கும் இருந்தா நிம்மதி, 27-ன்னா விளிம்புல நிக்குது, இப்ப ஓடும், ஜாயின்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் நின்னுடும், அன்னைக்கே திரும்ப ஒட்டச் சொல்லுங்க. அந்த நம்பரை எழுதி பெட்டி மேலயே ஒட்டி வச்சுடுங்க, பின்னாடி பிரச்சனைன்னு கூப்பிடும்போது ஒப்பிட்டுப் பாக்க உதவும். இழை முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாக்காதீங்க, பசங்களையும் பாக்க விடாதீங்க, உள்ள வர்ற லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியலங்கிறதால இல்லன்னு அர்த்தம் இல்ல.

ஓஎன்டில எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும். அது சிவப்பா எரிஞ்சா ஒளியே வரல, வயர் அறுந்திருக்கு இல்ல முனை கழண்டிருக்கு, ரூட்டரை ஆயிரம் தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் வராது, நேரா கம்ப்ளைன்ட் குடுங்க. பக்கத்துல பான்னு (PON) இருக்கிற லைட் நிலையா எரிஞ்சும், அதாவது ஒளி சரியா வந்தும், நெட் இல்லன்னா பிரச்சனை வேற இடத்துல, அப்ப ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்.

வந்ததுக்கு அப்புறம் ஸ்பீடு வரலன்னா

கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி லேப்டாப்பை ஒரு லேன் வயர்ல ரூட்டரோட சொருகி டெஸ்ட் பண்ணுங்க. வயர்ல முழுசா வந்து வைஃபைல வரலன்னா அது வீட்டுக்குள்ள இருக்கிற பிரச்சனை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும் ஆனா மெதுவு, பக்கத்து வீட்டு வைஃபையோட முட்டிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஆனா சுவரு தாங்காது. டிவி, கம்ப்யூட்டர் மாதிரி நகராத சாமானை முடிஞ்ச வரைக்கும் வயர்ல மாட்டிடுங்க, கேட் 5இ வயரே நூறு மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும். 300 பிளான் எடுத்து வயர்ல மாட்டியும் எப்ப டெஸ்ட் பண்ணாலும் சரியா 94 பக்கத்துலயே நிக்குதுன்னா வயர்ல ஒரு ஜோடி கம்பி விட்டுப் போயிருக்கும், இல்ல ஏதோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட். வயரை மாத்தினாலே பல தடவை சரியாயிடும்.

பழைய கனெக்ஷன் ஏதாவது இருந்தா புதுசு வந்த அன்னைக்கே அதைக் கட் பண்ணிடாதீங்க. ரெண்டு வாரம் ரெண்டையும் வச்சுக்கிட்டு ராத்திரி டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணுங்க, ஒரு லீவு நாள் ராத்திரியும் ஒரு நல்ல மழையும் அதுக்குள்ள வந்துடுச்சுன்னா இன்னும் நல்லது, அப்புறமா பழசுக்கு எழுதிக் குடுத்து, அவங்க பெட்டியைத் திருப்பிக் குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கோங்க.